ஒரு வரி விடாமல்

4.5.2023
பாலைவன முகாம்

அன்பு அக்கா பாஞ்சாலைக்கு,

செழியன் எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மகள் அறிவுமதி நர்சிங் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. புது வேலைக்காக எங்களை நகரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். டவர் கிடையாது. மாதம் ஒரு முறை சாமான் வண்டி நகரத்துக்குப் போகும், அதில் இரண்டு பேருக்கு இடம். முறை வந்தால் போன் பேசலாம். மற்றவர்களுக்கு டிரைவர் கையில் கொடுத்துவிடும் கடிதம்தான்.

என் பக்கத்துக் கட்டிலில் சனாதன் என்று ஒரு ஒடிசாக்காரர். போன மாதம் வெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது நான் மயங்கி விழுந்தேன். ஃபோர்மேன், "நிழலில் போடு, தானாக எழுந்துவிடுவான்" என்றான். சனாதன் கேட்கவில்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் கொட்டகைவரை நடந்தார். வேலையை விட்டுப் போனதற்கு அவருக்குக் கூலி வெட்டினார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நீ பெட்டியில்தான் ஊருக்குப் போயிருப்பாய்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

அவருடைய தம்பி பிகாஷ், தசரதன் மேஸ்திரி ஆட்களோடு கட்டட வேலைக்கு நம் ஊருக்கு வருகிறானாம், ரமணாசிரமம் பக்கம். மொழி தெரியாத பையன். கண்ணில் பட்டால் ஒரு வேளை சோறு போடு. நீ எழுதுவதையெல்லாம் நான் சனாதனுக்கு இந்தியில் சொல்வேன், அதனால் நல்லதாக எழுது.

தம்பி,
செழியன்


6.6.2023
திருவண்ணாமலை

என் தம்பி செழியனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி என்னை விட்டு எங்கே போகும், அதற்கும் என்னை விட்டால் நாதி இல்லை. செத்துப் பிழைத்ததை என்னவோ பஸ்ஸைத் தவறவிட்டது மாதிரி எழுதியிருக்கிறாயே, படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் காலில் என் சார்பாக விழுந்து கும்பிடு.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? பிகாஷ் வேலை செய்வது நான் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸில்தான். மூன்றாவது மாடி எழும்புகிறது. பர்மிஷன் இரண்டு மாடிக்குத்தான் என்று செங்கம் ரோடு முழுக்கத் தெரியும், யாரும் பேசுவதில்லை. பிகாஷ் ரப்பர் செருப்போடு சவுக்குக் கம்புச் சாரத்தில் அணில் மாதிரி ஏறுகிறான். ஊரில் மனைவி முழுகாமல் இருக்கிறாளாம். காலையில் தண்ணீர் ஊற்றின சோறும் பச்சைமிளகாயும்தான் வேண்டும் என்கிறான். நம்ம பழைய சோறுதான், அவன் வேறு ஏதோ பேர் சொல்கிறான். தமிழில் 'அக்கா', 'இன்னும் கொஞ்சம்', இந்த இரண்டும் வந்துவிட்டது. பிழைத்துக்கொள்வான்.

இங்கே தங்குகிற வெள்ளைக்காரர்கள் விட்டுப் போகிற காவித் துணியைத் துவைத்து அலமாரியில் அடுக்கி வைக்கிறேன் இல்லையா, அதில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அறிவுமதிக்கு ஆசீர்வாதம் செய்தான். அவள் சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

முதலாளி கோதண்டராமன் நன்றாக இருக்கிறார். குடியிருக்க ரூம் கொடுத்தார், அறிவுமதிக்குச் சீட் வாங்கிக் கொடுத்தார், அவர் மச்சான் மூலமாகத்தான் உனக்கு விசா. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீயும் நினை.

அக்கா,
பாஞ்சாலை


10.7.2023

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், வெயில் என்னைவிட நலம்.

உன் கடிதத்தைச் சனாதன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். 'இன்னும் கொஞ்சம்' என்ற இடம் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தானாம். அப்பா இல்லாத பிள்ளை, சனாதன்தான் வளர்த்தார். இனிமேல் அவன் உங்கள் பிள்ளை என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

செருப்போடு சாரத்தில் ஏறுவது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கே இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஏறினால் அன்றைய கூலி போச்சு. மேஸ்திரியிடம் ஒரு கயிறாவது கேட்டு வாங்கிக் கொடு அக்கா. ஒரு பௌர்ணமிக்கு அவனை மலை சுற்றவும் கூட்டிப் போ.

செழியன்


20.8.2023

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இரு.

இங்கே நல்ல மழை. அறிவுமதிக்குப் பரீட்சை. கட்டட வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. வேலை ஜாஸ்தி, அதனால் அதிகம் எழுத முடியவில்லை.

பாஞ்சாலை


15.9.2023

அன்பு அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்ததும் சனாதன் வழக்கம்போலக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். படிக்க ஒன்றும் இல்லை. மழை, பரீட்சை, காய்ச்சல். "என் தம்பி?" என்றார். எழுத மறந்திருப்பாள் என்று சமாளித்தேன். நீ மறக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த மாதம் வண்டியில் அவர் முறை. நகரத்தில் இறங்கி அவனுக்கு அடித்திருக்கிறார், போன் அணைந்து கிடக்கிறது. ஊரில் அவன் மனைவி சபிதாவுக்கும் ஆடி மாதத்திலிருந்து பேச்சே இல்லை. கட்டட வேலை நின்றிருந்தால் அவன் எங்கே போனான்? விசாரித்து உடனே எழுது.

செழியன்


14.10.2023

தம்பி செழியனுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, தூக்கம்தான் கம்மி.

தசரதன் மேஸ்திரியை நீ கேட்டபடி கேட்டேன். "அவனா? வேற எடத்துக்குப் போயிட்டாம்மா. அவனுங்க அப்டித்தான், சொல்லிக்காம போயிடுவானுங்க" என்றார். முதலாளியும் அதையேதான் சொல்கிறார். சொல்வதை எழுதியிருக்கிறேன்.

அறிவுமதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். இன்னும் ஒன்றரை வருஷம் போனால் கைக்கு வேலை. அதுவரைக்கும் இந்த ரூமும் இந்த வேலையும் நிலைக்க வேண்டும், உன் விசாவும் நிலைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. இந்த விஷயத்தை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. தபால்காரர் எல்லாவற்றையும் முதலாளி மேஜையில்தான் வைத்துவிட்டுப் போகிறார்.

பாஞ்சாலை


5.11.2023

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை விடுப்பில் வருகிற கீழ்பென்னாத்தூர் ராஜமாணிக்கம் கையில் கொடுத்தனுப்புகிறேன், உன் கையிலேயே கொடுப்பார். இனிமேல் என் கடிதங்களை அவர் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீயும் எழுதி ரோட்டுத் தபால் பெட்டியில் போடு.

சபிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் அண்ணன்மார், பிகாஷ் தமிழ்நாட்டில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஊர் முழுக்கப் பேசுகிறார்களாம். அவள் மட்டும் நெற்றிக் குங்குமத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சனாதன் சாப்பிடுவதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார். தம்பி செத்தான் என்றால் அழுது தீர்க்கலாம், ஓடிவிட்டான் என்றால் திட்டித் தீர்க்கலாம், இது ஒன்றுமில்லாமல் எப்படி என்று கேட்கிறார்.

தீபம் வருகிறது. கோயிலுக்குப் போனால் அவன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டு ஒரு விளக்குப் போடு அக்கா. அதையாவது அவரிடம் சொல்கிறேன்.

செழியன்


30.11.2023

அன்புத் தம்பி செழியனுக்கு,

ராஜமாணிக்கம் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நாங்கள் சுகம். குழந்தை நன்றாக இருக்கிறதா? யார் ஜாடை என்று கேட்டு எழுது.

தீபம் நல்லபடியாக முடிந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். கெஸ்ட் ஹவுஸில் ஒரு ரூம் காலி இல்லை, மொட்டை மாடியில்கூடப் பாய் போட்டுக் கொடுத்தோம். மலையில் தீபம் தெரிந்ததும் எல்லோரும் வாசலில் அகல் ஏற்றினார்கள். அறிவுமதிதான் எங்கள் ரூம் வாசலில் ஏற்றினாள், எனக்குக் கை வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாளே கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மோட்ச விளக்கு ஏற்றினேன். நீ சொல்லியிருந்தாயே என்று பிகாஷுக்கும் ஒன்று ஏற்றினேன். காற்று அடித்தும் அணையாமல் நின்று எரிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்.

பாஞ்சாலை


27.12.2023

அக்கா,

உன் கடிதத்தைச் சனாதனுக்குப் படித்துக்கொண்டே வந்தேன். விளக்கு வந்த இடத்தில் நிறுத்தினேன். அந்த வரியை விட்டுவிட்டு, "உங்கள் தம்பிக்காக அக்கா கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். திருவண்ணாமலை எந்தத் திசை என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

காணாமல் போனவனுக்கு யாராவது மோட்ச விளக்கு ஏற்றுவார்களா அக்கா? அப்பா செத்தபோது ஏற்றினோம், அம்மா செத்தபோது ஏற்றினோம். உனக்குத் தெரியாததா? உன் கை தன்னால் எழுதிவிட்டது. எழுதினதை நீ திருப்பிப் படித்திருக்கவும் மாட்டாய்.

என் விசாவை நினைத்து மறைக்கிறாய் என்றால், அந்த விசா எனக்கு வேண்டாம். தினமும் அந்த மனிதர் முகத்தில் விழித்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று எழுது.

செழியன்


24.1.2024

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

ஆடிப் பௌர்ணமி அன்று பொழுது சாய்கிற நேரம். மேல் மாடியில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறின கம்பு கட்டோடு நழுவியது. நான் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரிலேயே விழுந்தான். விழுந்ததுமே உயிர் போய்விட்டது.

முதலாளி ஓடி வந்தார். போலீஸ் வந்தால் மூன்றாவது மாடியும் வெளியே வரும், பதிவில்லாத ஆட்களும் வெளியே வருவார்கள். மேஸ்திரியும் அவரும் தள்ளி நின்று பேசினார்கள். பிறகு என்னிடம் வந்து, "பாஞ்சால, அலமாரியிலேர்ந்து காவி வேட்டி ஒண்ணு எடுத்தா" என்றார். அவனுக்கு அதை நான்தான் கட்டினேன். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். பாதையெல்லாம் ஜனம். வேனில் கொண்டுபோய், கிரிவலப் பாதை ஓரத்தில் சாமியார்கள் படுத்திருக்கிற வரிசையில் ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டு வந்தார்கள். அத்தனை லட்சம் பேரில் யார் எந்தச் சாமியாரை எழுப்பிப் பார்க்கப் போகிறார்கள்? மறுநாள், வண்டி அடித்துவிட்டுப் போன அனாதைச் சாமியார் என்று போலீஸ்காரர்கள் எடுத்துப் போனார்கள்.

"உன் பொண்ணு படிப்ப நெனச்சுக்கோ, உன் தம்பிய நெனச்சுக்கோ" என்றார் முதலாளி. நினைத்துக்கொண்டேன். கூட வேலை செய்தவர்களை அன்றைக்கே ரயில் ஏற்றிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. காவி கட்டினவனை இங்கே யாரும் எரிக்க மாட்டார்கள். சாமியார் என்றால் புதைப்பதுதான் வழக்கம். அனாதைப் பிணங்களைப் புதைக்கிற மயானத்தில், வேலியோரம் வேப்பமரத்தடியில் இருக்கிறான். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் அரைஞாண் கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து உண்டு. அதை மேஸ்திரி அவிழ்க்கப் போனபோது நான் விடவில்லை. நான் செய்த நல்லது அது ஒன்றுதான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வாயோ எனக்குத் தெரியாது.

பாஞ்சாலை


20.2.2024

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காவி வேட்டி விஷயத்தை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார், முதல் தடவை அவருக்குப் புரியவே இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வலி தெரிந்ததா அவனுக்கு?" விழுந்ததுமே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று உன் கடிதத்தைக் காட்டிச் சொன்னேன். அந்தத் தமிழ் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அந்த ஒரு வரிதான் அவருக்கு ஆறுதல்.

விடுப்புக் கேட்டார். ஒப்பந்தம் முடியும்வரை பாஸ்போர்ட் கிடையாது என்றுவிட்டார்கள். அவர் கேட்பது நஷ்ட ஈடு இல்லை அக்கா. தம்பி ஓடிப்போகவில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். சபிதா கையில் அவனைக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. என்னைப் பற்றி யோசிக்காதே, கோதண்டராமன் மச்சான் என்னைத் திருப்பி அனுப்பினால் வந்து கூலி வேலை செய்கிறேன். போய்ச் சொல்.

செழியன்


28.4.2024
கீழ்பென்னாத்தூர்

அன்புத் தம்பி செழியனுக்கு,

நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உனக்கு விசா வாங்கிக் கொடுத்த முதலாளி மச்சான் வீட்டில் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். நீ நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டுவதைத் தவிர எனக்கு வழியில்லை.

போய்ச் சொன்னேன். முதலில் போன போலீஸ் ஸ்டேஷனில், "ஏம்மா, சோறு போட்டவன் மேலயே கேஸா?" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு வக்கீல் அருணாதேவியைப் பார்த்தேன். அந்த அம்மாதான் கூட வந்து புகாரை எழுத வைத்தார். அன்றைக்கே ரூமைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். இப்போது இங்கே ஒரு ஓட்டு வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறேன். சாரத்துக்குக் கீழே மட்டும் நடக்க மாட்டேன், சுற்றிக்கொண்டு போகிறேன். அறிவுமதி படிப்பு நின்றுவிட்டது. அவள் என்னிடம் கோபிக்கவில்லை. "காவியத் தோள்ல போட்டுக்கிட்டு அவரு பண்ண ஆசீர்வாதத்துக்கா நான் அன்னிக்கு அப்டி சிரிச்சேன்" என்று கேட்டாள். அதோடு சரி.

சபிதா கைக்குழந்தையோடும் அவள் அப்பாவோடும் ரயிலேறி வந்தாள். தாசில்தார் முன்னால் தோண்டினார்கள். எலும்பும் மட்கின காவித் துணியும் தாயத்தும் இருந்தன. தாயத்தைப் பார்த்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள், கல்யாணத்தன்று மாமியார் கட்டிவிட்டதாம். குழந்தை பிகாஷ் ஜாடை. கோதண்டராமனையும் மேஸ்திரியையும் பிடித்தார்கள். முதலாளி ஜாமீனில் வந்துவிட்டார், கெஸ்ட் ஹவுஸ் நடக்கிறது.

சபிதா மொழி தெரிந்த ஒரு கொத்தனாரை வைத்துக்கொண்டு கேட்டாள். "இந்தத் துணிய இவருக்குக் கட்னது யாருன்னு கேக்குதும்மா" என்றார் அவர். நான்தான் என்றேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அப்ப கடைசியா அவரத் தொட்டது நீங்கதானா, ஏதாச்சும் சொன்னாரான்னு கேக்குதும்மா" என்றார் கொத்தனார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி, விழுந்ததுமே உயிர் போய்விட்டது என்று உனக்கு எழுதினேன். வக்கீலிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அது பொய். நான் வேட்டியைக் கட்டும்போது அவனுக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. "அக்கா" என்றான். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். நான் முதலாளியைப் பார்த்து, "உசிரு இருக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடலாங்க" என்றேன். "போயிடும், நீ கட்டு" என்றார். நான் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டேன். சொந்தமும் இல்லாத உன்னை அந்த மனிதர் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் தம்பியை நான் மரத்தடிக்கு அனுப்பினேன். அங்கே அவன் எவ்வளவு நேரம் கிடந்தானோ, எத்தனை பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்களோ.

இதைச் சபிதாவிடம் சொன்னேன். மறுநாள் மாஜிஸ்திரேட்டிடமும் சொன்னேன். என் பெயரையும் குற்றவாளிகளில் சேர்த்திருக்கிறார்கள். சேர்க்க வேண்டியதுதான். நான் உள்ளே போனால், நீ வந்து சேரும்வரை அறிவுமதி அருணாதேவி அம்மா வீட்டில் இருப்பாள்.

சனாதனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்த வரிதான் என்று எழுதியிருந்தாய். அதையும் பிடுங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய வரி, அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. 'அக்கா' என்று கூப்பிட்டதையும் படி. விரலைப் பிரித்ததையும் படி. இந்தத் தடவை ஒரு வரியும் விடாதே.

பாஞ்சாலை